கத்துக்குட்டியிடம் மட்டும் தோற்பவர்

சீட்டாடுகிறவர்களில் ஜெயிக்கிறவர்கள் உண்டு, தோற்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதைச் சேர்ந்தவர் அருமையாக ஆடுவார். போக்கரின் சூட்சுமமெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். ஊரில் கெட்டிக்கார ஆட்டக்காரர் யார் என்று யாரைக் கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அவரைக் கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்வார். தோற்பதும் உண்டு. ஆனால் அந்தத் தோல்வியில் அவருக்குப் பங்கு கிடையாது. எதிரில் உட்கார்ந்தவருக்கு ஆடத் தெரியவில்லை, அதனால் இவர் தோற்றுப்போனார். அவ்வளவுதான்.

புரியவில்லையா? அவரிடமே கேளுங்கள், விளக்குவார். வேறு வேலை இல்லாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஜெயித்த ஆட்டத்தை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார். தோற்ற ஆட்டத்தை ஆரம்பித்தாரானால் காபி ஆறும், குளிர்காயும் அடுப்பில் டீசல் தீரும், வந்த விருந்தாளி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, வாசல்வரை போய், ஷூ நாடாவைக் கட்டக் குனிந்து, நிமிர்ந்து, லிஃப்ட்டின் பொத்தானை அழுத்திவிட்டு நிற்கும்போதும் பக்கத்தில் நின்று, “அப்ப என் கையில மூணு ராணி, கவனிங்க” என்று தொடர்ந்துகொண்டிருப்பார். லிஃப்ட் வந்துவிட்டால் கூடவே கீழேயும் இறங்குவார்.

இன்னொரு அடையாளமும் உண்டு. எதிரில் நல்ல ஆட்டக்காரர் உட்கார்ந்தால் இவர் அடக்கமாக, சீட்டைப் பார்த்து, யோசித்து, பொறுமையாக ஆடுவார். எதிராளிக்கு ஒன்றும் தெரியாது என்று தெரியட்டும், அப்போது பாருங்கள். முதுகு நாற்காலியில் சாயும். ஒரு கால் இன்னொரு கால்மேல் ஏறும். தன் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று பார்ப்பதே கௌரவக் குறைச்சலாகிவிடும். இந்த ஆளை ஜெயிக்கச் சீட்டு வேறு வேண்டுமா என்ன?

லெபனானில், எங்கள் ஸஹ்லே ஊரில் இந்த இனத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் எல்லா லட்சணமும் பொருந்திய ஒருவரைக் காட்டு என்றால், எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் நக்லேயைத்தான் காட்டுவேன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேரின் கண்ணைச் சோதித்தவர் என்பதால், எதிராளியின் கண்ணைப் பார்த்தே கையிலிருக்கும் சீட்டைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. சொல்லியும் இருக்கிறார், நானே பார்த்திருக்கிறேன். மனுஷர் நிஜமாகவே நன்றாக ஆடுவார். அதை நான் மறைத்தால் இந்தக் கதைக்கே அர்த்தமில்லை.

போக்கர் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளை எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஜோடி, மூன்று இருந்தால் அதைவிடப் பெரிது, ஐந்தும் ஒரே சின்னமாக இருந்தால் அதைவிடவும் பெரிது. வேண்டாததைக் கீழே போட்டு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். கை நன்றாக இருந்தால் பந்தயத்தை ஏற்றலாம். கை மோசமாக இருந்தாலும் நன்றாக இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏற்றலாம். எதிராளி பயந்துபோய்ச் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிட்டால் வெறுங்கையோடு ஜெயித்துவிடலாம். இப்படிப் படம் காட்டி ஜெயிப்பதில்தான் நக்லேக்கு உயிர். நல்ல சீட்டை வைத்துக்கொண்டு ஜெயிப்பதை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது கசாப்புக் கடைக்காரன்கூடச் செய்கிற காரியம் என்பார். கசாப்புக் கடைக்காரன் என்று அவர் பொதுவாகச் சொல்லவில்லை. முதல் மாடியில் கத்தாஸ் என்று ஒருவன் இருக்கிறான், அவன் கசாப்புக் கடைதான் வைத்திருக்கிறான்.

இனி, என்ன பந்தயம் என்று சொல்லவேண்டும். எங்கள் கட்டடத்தின் அடியில், தூண்களுக்கு நடுவே, கூரையோடு ஒரே ஒரு கார் நிற்க இடம் இருக்கிறது. மற்ற கார்களெல்லாம் வெளியே, சரிவில், பனிக்குக் கீழே. குளிர்காலக் காலை நேரத்தில் எங்கள் தெருப்பக்கம் வந்தால் கௌரவமான மனிதர்கள் பைஜாமாமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் வெந்நீர்க் கெண்டியோடு, சொந்தக் காரைத் திட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த ஒரு இடத்துக்காகக் குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தின. பஞ்சாயத்து மேற்றிராணியார்வரைக்கும் போய், அவரும் அலுத்துப்போய்க் கைவிட்டார். கடைசியில் கட்டடக் கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வந்தோம். வருஷக் கடைசி நாளன்று அதிர்ஷ்டம் பார்க்க ஊரே சீட்டாடுகிறது, நாமும் ஆடுவோம். வீட்டுக்கு ஒரு ஆள். ஆளுக்கு ஒரு கிண்ணம் ஓடு உடைக்காத பாதாம். எல்லாப் பாதாமும் யாரிடம் போய்ச் சேருகிறதோ அந்த வீட்டுக்கு அடுத்த வருஷம் முழுக்க அந்த இடம்.

அன்றிலிருந்து அந்த இடம் நக்லே வீட்டுக்குத்தான். அவரைவிட அது அவர் மனைவி ஜார்ஜெத்துக்குத்தான் முக்கியம். அவள் பக்கத்து ஊர் ஷ்தூராவில் டீச்சர். இருட்டு விலகுவதற்கு முன்னால் காரைக் கிளப்பவேண்டியவள் அவள். நக்லேக்கு அந்த இடம் ஒரு பட்டம். அவளுக்கு விரல் விறைக்காத காலைப்பொழுது.

இந்தத் தடவை ஆட்டத்துக்குப் புதிதாக ஒரு ஆள் வந்தாள். நான்காம் மாடி தக்லாக்கா. முன்பெல்லாம் அவள் கணவர்தான் ஆட வருவார், தோற்பார், ஒரு கிளாஸ் அராக் குடித்துவிட்டுப் போவார். அவர் காலமான பிறகு காரையும் விற்றாயிற்று. “காரே இல்லாம அந்த இடம் உங்களுக்கு எதுக்குக்கா?” என்று கத்தாஸ் கேட்டான். துணி காயப்போட, என்றாள். மழையிலும் பனியிலும் அவளுடைய பால்கனியில் ஒன்றும் காய்வதில்லையாம். “வீட்டுக்கு ஒரு ஆள்னுதானே சொன்னீங்க? காருக்கு ஒரு ஆள்னு சொல்லலியே.” அவளையும் சேர்த்துக்கொண்டோம். நக்லே சந்தோஷமாகச் சிரித்தார். எதிராளிகளில் ஒருவர் எண்ணிக்கைக்குத்தான் என்று தெரிந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

தக்லாக்காவுக்கு ஆட்டம் தெரியாது. இதில் சந்தேகமே வேண்டாம். சாது மாதிரி இருந்துகொண்டு கடைசியில் பெரிய கில்லாடி என்று தெரியவருகிற ஆளைப்போல நீங்கள் அவளை நினைத்துக்கொள்ளக் கூடாது. டிசம்பர் ஆரம்பத்தில் வரும் பர்பாரா திருநாளன்று அவித்த கோதுமையைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு எங்களிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழகினோம். கறுப்பில் எதற்கு இரண்டு விதம் என்று கேட்டாள். ராஜா பெரிதா ராணி பெரிதா என்று கேட்டாள். ராஜா என்றதும், அது யார் வீட்டில் என்று கேட்டாள். எல்லோரிடமும் தோற்றாள். என்னிடம் தோற்றாள், நான் எவ்வளவு சுமாராக ஆடுவேன் என்பது எனக்குத் தெரியும். கத்தாஸிடம் மிக மோசமாகத் தோற்றாள். அவன் ஒன்றும் பிரமாதமாகச் செய்யவில்லை. கையில் நல்ல சீட்டு வந்தால் ஏற்றுவான், வராவிட்டால் கவிழ்த்துவிட்டு ஒரு ஆலிவை வாயில் போட்டுக்கொள்வான். அவள் எதற்கும் ஒதுங்க மாட்டாள், எல்லாவற்றுக்கும் ஈடு கட்டிக்கொண்டு வருவாள். அப்படி வருகிறவளிடம் நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்தால் போதாதா?

நமக்குப் போதும். நக்லேக்குப் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒருவர்தான் அவளிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரம் சீட்டுக்கட்டைக் குறை சொன்னார். மூன்றாம் வாரம் அவருக்கு ஞானோதயம் பிறந்தது: இவள் நடிக்கிறாள். பந்தயம் கட்ட வைத்திருக்கும் பாதாமிலேயே ஒன்றிரண்டை அவள் உடைத்துத் தின்றுவிடுகிற பழக்கம் உண்டு. நாங்கள் அதைப் பசி என்று நினைத்தோம். நக்லே அதை உற்று ஆராய்ந்து, இடது பக்கம் வைத்து மென்றால் கை நன்றாக இருக்கிறது, வலது பக்கம் மென்றால் படம் காட்டுகிறாள் என்று கண்டுபிடித்தார். வலது பக்கம் அவளுக்குப் பல் இல்லை என்பதை ஜார்ஜெத்தான் சொன்னாள். “அதுவும் ஒரு தந்திரமா இருக்கலாம்” என்றார் நக்லே.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரே வாயால் அவர் அவளை முட்டாள் என்றும் சொன்னார், மகா தந்திரக்காரி என்றும் சொன்னார். தன்னை ஜெயித்தபோதெல்லாம் தந்திரக்காரி, மற்ற நேரமெல்லாம் முட்டாள். இந்த இனத்துக்கு எதிராளி என்பவர் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். ஐந்து சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாள் என்று ஒருத்தி உலகத்தில் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

கடைசி நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு மேசையில் ஆட்டம் ஆரம்பமானது. உட்காருவதற்கு முன்னால் ஜார்ஜெத் கணவரை ஜன்னல் பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது. “கையில வந்தா ஏத்துங்க, வரலேன்னா விட்டுடுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க. காலைல பனியச் சுரண்டப் போறது நானு.” அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முதலில் நான் காலியானேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் நக்லேக்கும் கத்தாஸுக்கும் நடந்ததே, அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும். கத்தாஸ் ஏற்றினால் இவர் ஒதுங்கினார். கத்தாஸ் தயங்கினால் இவர் ஏற்றினார். இரண்டே தடவைதான் படம் காட்டினார், இரண்டு தடவையும் அவன் நம்பிக் கவிழ்த்தான். கடைசிப் பாதாமைத் தள்ளிவிட்டு அவனே கைகுலுக்கினான். “உங்ககிட்ட தோத்தா மனசு வலிக்கலண்ணே.” ஜார்ஜெத்தின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

நக்லே முன்னால் மலைபோல் பாதாம். தக்லாக்கா முன்னால் இரண்டு கைப்பிடி. அதிலும் கொஞ்சம் வெறும் ஓடு.

இனிமேல் என்ன இருக்கிறது, ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். நக்லேயும் அப்படித்தான் நினைத்தார். முதுகு நாற்காலியில் சாய்ந்தது. கால்மேல் கால் ஏறியது. அடுத்த ஆட்டத்தில் ஒன்றுமே இல்லாத கையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய அள்ளு அள்ளி நடுவில் போட்டார். அந்தக் குவியலைப் பார்த்திருந்தால் நானே சீட்டைக் கவிழ்த்திருப்பேன். தக்லாக்கா தன் சீட்டைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள், தன்னிடம் இருந்ததை அப்படியே தள்ளினாள். அவளிடம் இரண்டு ஏழு இருந்தது.

“ரெண்டு ஏழ வச்சுக்கிட்டு எப்படிக்கா வந்தீங்க?” என்று பாவமாகக் கேட்டார் நக்லே.

“ரெண்டு இருந்துதே தம்பி. ஒண்ணுதான்னா வந்திருக்க மாட்டேன்.”

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன முடிவுக்கு வருவான்? இவளிடம் படம் காட்டிப் பிரயோஜனமில்லை, நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்போம் என்பான். நக்லே சாதாரண மனிதரா? அவர் யோசித்தார். ஒரு தடவை மாட்டிக்கொண்டவன் மறுபடியும் உடனே துணிய மாட்டான் என்று அவள் நினைப்பாள், ஆகையால் இப்போது நான் ஏற்றினால் என் கையில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வாள், அப்படி எடுத்துக்கொண்டு ஒதுங்கத்தான் ஒதுங்குவாள் என்று மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போய், அதன் உச்சியில் ஏறி நின்று, மறுபடியும் வெறுங்கையோடு அள்ளிப் போட்டார். தக்லாக்கா எதையும் நினைக்கவில்லை. இந்தத் தடவை அவளிடம் இரண்டு எட்டு இருந்தது. “ஒண்ணு கூடியிருக்கு” என்று சொல்லிவிட்டுப் பாதாமை மடியில் வாரிக்கொண்டாள்.

அப்புறம் நக்லேக்கு மூன்று ராஜா வந்தது. கடவுள் நல்லவர்களைக் கைவிடுவதில்லை. மாற்றுவதற்கு முன்னாலேயே தாராளமாக ஏற்றினார், அவளும் வந்தாள். பிறகு சீட்டு மாற்றும் நேரம் வந்தது. தக்லாக்கா ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஒரு பாதாமை உடைத்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு மடியிலிருந்து இரண்டு கையாலும் வாரி நடுவில் கொட்டினாள்.

ஆட்டம் தெரிந்த ஒருவர் சீட்டு மாற்றவில்லை என்றால், வந்த ஐந்தும் அப்படியே நிறைந்த கை என்று அர்த்தம். மூன்று ராஜாவெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. நக்லே அவள் கண்ணைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். இடது பக்கம் மென்றுகொண்டிருந்தாள். நெடுநேரம் யோசித்துவிட்டு, மூன்று ராஜாவையும் எங்கள் எல்லோருக்கும் காட்டி, அதன்பிறகு கவிழ்த்தார். “இத வச்சுக்கிட்டு ஒதுங்கத் தெரியணும். அதுக்குப் பேர்தான் ஆட்டம்” என்றார். எனக்குக்கூட மெய்சிலிர்த்தது.

தக்லாக்கா தன் சீட்டைத் திருப்பிப் போட்டாள். ஒன்றோடு ஒன்று சேராத ஐந்து சீட்டு.

“அட, மாத்தலாம்ல? மறந்தே போச்சு” என்றாள். பின்னே எதற்கு அவ்வளவு பாதாமைக் கொட்டினீர்கள் என்று கத்தாஸ் கேட்டான். மடியில் நிற்கவில்லை, கீழே உருண்டுகொண்டே இருந்தது, அதனால்தான் என்றாள்.

நக்லேயின் காதுமடல் சிவந்துவிட்டது. ஜார்ஜெத் அவர் பக்கத்தில் வந்து நின்று மெல்லச் சொன்னாள்: “என்னங்க, கத்தாஸ்கிட்ட ஆடின மாதிரி ஆடுங்களேன்.”

“அவனுக்கு ஆடத் தெரியும். இவங்களுக்குத் தெரியாதே.”

“அதனாலதான் சொல்றேன்.”

அவர் காதில் அது ஏறவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவருக்கு ஒரு ஜோடி ராணி வந்தது. மற்ற மூன்றை மாற்றினார், ஒன்றும் தேறவில்லை. தக்லாக்கா மறுபடியும் எதையும் மாற்றவில்லை. நக்லே பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். “இந்தத் தடவையும் மறந்துட்டீங்களாக்கா?”

“இல்ல தம்பி, ஞாபகமாத்தான் இருந்தேன். மாத்த வேண்டாம்னு தோணிச்சு.”

ஒரு மனுஷி வாய் திறந்து உண்மையைச் சொல்கிறாள். எதிரில் இருப்பவருக்கு வேறு என்னதான் வேண்டும்? ஆனால் நக்லே என்ன நேற்றுப் பிறந்தவரா? ஞாபகம் இருந்தது என்று சொன்னால் நான் பயந்து ஒதுங்குவேன் என்று கணக்குப் போடுகிறாள், இந்த வித்தையெல்லாம் என்னிடமா என்று, மீதி இருந்த மொத்தப் பாதாமையும் நடுவில் தள்ளிவிட்டார். தக்லாக்கா சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினாள். ஐந்தும் ஹார்ட்டின். “எல்லாம் ஒரே மாதிரி அழகா இருந்துது. எதைன்னு கீழ போட?” என்றாள்.

ஜார்ஜெத் கோட் பையிலிருந்து கார் சாவியை எடுத்து, கீழே போய், காரை வெளியே எடுத்துச் சரிவில் நிறுத்திவிட்டு வந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

இப்போது ஜனவரி. பனி நன்றாகவே விழுகிறது. விடியற்காலையில் வெந்நீர்க் கெண்டியோடு ஜார்ஜெத் வெளியே போகிறாள். சில நாள் நக்லேயும் குற்றவுணர்ச்சியில் கூடவே இறங்கிவந்து கண்ணாடியைச் சுரண்டுகிறார். சுரண்டிக்கொண்டே, தக்லாக்கா ஒழுங்காக ஆடியிருந்தால் அன்று அவர் எப்படி ஜெயித்திருப்பார் என்பதை அவளுக்கு விளக்குகிறார். கூரைக்குக் கீழே, தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றில், தக்லாக்காவின் இரவு உடுப்புகளும் காலுறைகளும் சுகமாகக் காய்கின்றன. அவள் இன்னமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடுகிறாள். நக்லேயைத் தவிர எங்கள் எல்லோரிடமும் இன்னமும் தோற்கிறாள்.

பாவம் நக்லே என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மூன்று ராஜாவைக் கவிழ்த்தபோது, நானாக இருந்தால் ஒதுங்கியிருக்க மாட்டேன் என்று ஒரு நொடி நினைத்தீர்களா இல்லையா? தக்லாக்கா ஞாபகம் இருந்தது என்று சொன்னபோது, நானாக இருந்தால் நம்பியிருப்பேன் என்று தோன்றியதா இல்லையா? எதிராளியின் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆடினால் நக்லேயும் நன்றாகத்தான் ஆடுவார். எப்படியிருந்தாலும், ஆட்டமே தெரியாத ஒரு அம்மாளிடம் நீங்கள் தோற்க மாட்டீர்கள், அதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை, சரிதானே?

அப்படியானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். கத்தாஸையும் என்னையும் போன்றவர்களோடு ஆடித் தக்லாக்காவுக்கு அலுத்துவிட்டதாம். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வா, அவர்களிடம்தான் எனக்கு ஆட்டம் வருகிறது என்கிறாள். நான் உங்களைச் சொல்லி வைத்திருக்கிறேன். காரை மட்டும் வெளியே பனியில் நிறுத்திவிட்டு வாருங்கள், உள்ளே துணி காய்கிறது.